பவுண்டிலிருந்து வந்த ஜூலி

ஜூலியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே அதன் இருமலைக் கேட்டுவிட்டேன். தொண்டையில் மீன் முள் சிக்கிக்கொண்ட கிழவர் அதை வெளியே கொண்டுவரக் காறுகிற மாதிரி வறட்டுச் சத்தம். கடைசியில் ஓங்கரித்து, கொஞ்சம் நுரையைக் கக்கிவிட்டு ஓய்ந்தது. குடவாசலுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊர்ப் "பவுண்டு"க்குள்ளே, மெலிந்த இரண்டு மாடுகளுக்கும் யாருடையதென்று தெரியாத ஒரு கிடாவுக்கும் நடுவிலிருந்து அது வந்தது. அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு போயிருந்த எனக்கு வயது ஒன்பதோ பத்தோ. மாடு இப்படி இருமாது, ஆடும் இருமாது, ஏதோ பிசாசைப் பிடித்து அடைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பவுண்டு என்றால் லண்டன் காசு. எங்களுக்கு அது நாலு பக்கமும் மதில், ஓர் இரும்புக் கேட்டு, ஒரு தண்ணீர்த் தொட்டி. அடுத்தவர் பயிரில் வாய் வைத்த ஆடு மாடுகளை ஓட்டிவந்து அங்கே அடைப்பார்கள். உடையவர் வந்து அபராதம் கட்டி மீட்டுக்கொண்டு போகவேண்டும். பஞ்சாயத்தார் அதை வருஷா வருஷம் ஏலம் விடுவார்கள், அப்பா ஏலத்தில் எடுத்திருந்தார். அதனால் ஊருக்கு அவர் "பவுண்டுக்காரர்", பள்ளிக்கூடத்தில் நான் "பவுண்டு பொண்ணு". மாட்டைப் பிடித்து அடைத்தவனை எவன் வாழ்த்துவான்? எங்கள் வீட்டு வாசலைத் தாண்டிப் போகிறவர்கள் எங்களுக்குக் கேட்கிற மாதிரியே மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போவார்கள்.

அந்த வருஷங்களில் சாபம் கொஞ்சம் அதிகமாகவே விழுந்தது. ஆட்சி மாறி, கறுப்பு சிவப்புக் கொடி கோட்டைக்குப் போயிருந்த புதிது. கொடி மாறினாலும் எங்கள் பக்கத்து வயல்களில் அறுப்புக் கூலி எத்தனை படி என்ற சண்டை மாறவில்லை. வயல் வேலை செய்தவர்கள் சிவப்புக் கொடி ஏற்றிக் கூடுதல் நெல் கேட்டார்கள். கேட்ட கையோடு அவர்களுடைய ஆடுகள் பவுண்டுக்கு வர ஆரம்பித்தன. வரப்பில் மேய்ந்த ஆட்டையும் பயிரில் மேய்ந்ததாகச் சொல்லிப் பண்ணை ஆட்கள் ஓட்டிக்கொண்டு வருவார்கள். "கொண்டாந்து வுட்டா அடைக்கணும், அதான் சட்டம்" என்பார் அப்பா. அதைச் சொல்லும்போது ஆட்டைத் தேடி வந்தவர்கள் முகத்தை அவர் பார்க்கமாட்டார், பூட்டைத்தான் பார்ப்பார்.

சண்டை முற்றுவதற்குள் பெரிய பண்ணைக் குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு மெட்ராஸுக்குக் கிளம்பிவிட்டது. பாத்திரம் பண்டமெல்லாம் லாரியில் போயின. மனிதர்கள் காரில் போனார்கள். அந்த வீட்டுப் பெண்கள் மடியிலேயே வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்த சின்ன வெள்ளைச் "சடைநாய்"க்கு மட்டும் லாரியிலும் இடமில்லை, காரிலும் இடமில்லை. பண்ணையின் வரவு செலவைப் பார்த்துவந்த காரியஸ்தர் அதைக் கொஞ்ச நாள் மாட்டுக்கொட்டகையில் கட்டிவைத்துப் பார்த்துவிட்டு, இருமல் பொறுக்கமாட்டாமல் ஒரு சணல் கயிற்றில் இழுத்துக்கொண்டு பவுண்டுக்கு வந்தார். நாயை அடைக்கச் சட்டமில்லையே என்று அப்பா தலையைச் சொறிந்திருக்கிறார். "கன்னுக்குட்டின்னு நெனச்சுக்கய்யா" என்று சொல்லிவிட்டு மனிதர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

கன்றுக்குட்டியைத் தேடித் தாய்ப்பசுவாவது வரும். இதைத் தேடி யாரும் வரவில்லை. ஆட்டை மீட்க வந்தவர்கள் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காறித் துப்பினார்கள். அவர்களைக் கண்டால் பண்ணை வாசலில் நின்றுகொண்டு குரைத்த நாய் அல்லவா அது. மாடு மிதித்துக் கொன்றுவிடும் என்று பயந்து, ஒரு நாள் மத்தியானம் அப்பா அதைச் சாக்கில் சுற்றி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்.

"இருக்குற வாயிக்கே சோறு பத்தல, இது வேறயா?" என்றாள் அம்மா. பக்கத்து வீட்டு அத்தை மதில் மேல் தலையை நீட்டி, "நாயக் குளிப்பாட்டி நடுவூட்டுல வச்சாலும் அது வாலக் கொழச்சிக்கிட்டு எங்க போவுமோ அங்கதான் போவும்" என்றாள். அப்பா தன் பங்குக்கு, "தானம் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்காத" என்று ஒரு பழமொழியை எடுத்துவிட்டார். மாட்டுக்கு அது எப்படியோ, வந்து சேர்ந்த நாய்க்கு அந்தப் பழமொழி சுத்தத் தப்பு. பல்லைத்தான் முதலில் பிடித்துப் பார்த்திருக்கவேண்டும். வாயைத் திறந்தால் கருவாட்டுப் பானையைத் திறந்த மாதிரி நாற்றம். கடைவாய்ப் பற்களில் மஞ்சளாகக் காரை ஏறி, இரண்டு பற்கள் ஆடிக்கொண்டிருந்தன. அது சோற்றை முகர்ந்துவிட்டுத் தள்ளிப் போனதைப் பார்த்து, "பண்ணை வீட்டு நாக்கு, நம்ம சோறு எறங்குமா?" என்று அம்மா நொடித்தாள். கொழுப்பு ஒன்றுமில்லை, பல்வலி.

எங்களுக்கு அதன் பெயர் தெரியாது. காரியஸ்தர் சொல்லவில்லை, அப்பா கேட்கவுமில்லை. நான் "வெள்ளச்சி" என்று கூப்பிட்டேன். அது ஏறிட்டும் பார்க்கவில்லை. எந்நேரமும் அடுப்படி மூலையில் சுருண்டு கிடந்தது. அதன் கண்ணிலிருந்து நீர் வழிந்து மூக்கின் இரு பக்கமும் செம்பழுப்பாகக் கோடு விழுந்திருந்ததை, அது தன் வீட்டை நினைத்து அழுகிறது என்றே நான் நம்பினேன், கூடவே அழவும் செய்தேன்.

அந்த நாய்க்குச் சடைதான் முக்கால்வாசி. சடைக்குள் கையை விட்டுப் பார்த்தால் விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டது, வயிறு மட்டும் பானையாக உப்பியிருந்தது. கழிச்சலில் வெள்ளை வெள்ளையாக ஏதோ கிடந்ததைப் பார்த்து, சோறு செரிக்காமல் வந்துவிட்டது என்றாள் அம்மா; அந்தப் பருக்கை நெளிந்ததும்தான் புழு என்று புரிந்தது. வீட்டுச் சோறு மாறியதில் வயிறு வேறு போய்க்கொண்டே இருந்தது. முதுகில் ஒரு காசளவுக்குச் சொறி. ஓடும்போது திடீரென்று ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் நொண்டும், பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி நாலு காலில் ஓடும். நடிக்கிறது என்று நாங்கள் சிரிப்போம். காது மடிப்பைப் புரட்டினால் ஆமணக்குக் கொட்டை அளவில் உண்ணிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும்.

தஞ்சாவூரில் இப்போது எங்கள் எதிர் வீட்டில் இருக்கும் பெண், போன மாதம் நாய்க் காப்பகம் ஒன்றிலிருந்து ஒரு குட்டை நாயை எடுத்துவந்திருக்கிறாள். வந்த வாரமே இருமல், கழிச்சல், காதில் உண்ணி, வாய் நாற்றம். "ஏமாத்திட்டாங்க ஆன்ட்டி, நோய் நாயக் குடுத்துட்டாங்க" என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். யாரும் ஏமாற்றவில்லை. பத்து நாய் ஒன்றாக அடைபட்ட இடத்தில் இருமல் ஒன்றுக்கொன்று தொற்றத்தான் செய்யும். பயந்த நாய்க்கு வயிறு கலங்கத்தான் செய்யும். குட்டை நாயின் சின்ன வாயில் பல் நெருக்கிக்கொண்டு சீக்கிரம் கெடத்தான் செய்யும். இதெல்லாம் டாக்டரிடம் காட்டி, பொறுமையாக ஒவ்வொன்றாகச் சரிசெய்யக்கூடியவை. அவளுக்கு நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: நீயாக எந்த மருந்தையும் அதன் மேல் போடாதே. ஏன் என்று கேட்டாள். அதற்குப் பதில்தான் இந்தக் கதை.

அந்தக் காலத்தில் அரசாங்க விவசாய டிப்போவில் "பி.எச்.சி. பொடி" என்று ஒன்று கிடைக்கும். நெல்லுக்குப் பூச்சி விழுந்தால் விடிகாலைப் பனியில் அதைத் தூவுவார்கள். வயல் ஆட்கள் கோணித் துணியில் பொட்டலம் கட்டி, வெறுங்கையால் தட்டித் தட்டித் தூவிக்கொண்டு போவார்கள். கரை ஏறும்போது புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். மக்கிப்போன சாக்கு மாதிரி ஒரு வாடை. வயலுக்கு என்று வந்த பொடி வயலோடு நின்றதா? மாட்டுக்கு உண்ணி என்றால் அதைத்தான் தேய்ப்பார்கள். மூட்டைப்பூச்சி என்றால் கயிற்றுக் கட்டிலுக்குப் போடுவார்கள். பேன் என்று பிள்ளைகள் தலையில் வைத்துக் கட்டியவர்கள்கூட உண்டு. பவுண்டில் அப்பா ஒரு தகர டின் நிறைய வைத்திருந்தார். "மாட்டுக்கு ஆவுறது நாய்க்கு ஆவாதா?" என்று அம்மா கேட்டது அன்றைக்கு எங்கள் யாருக்கும் தப்பாகத் தோன்றவில்லை.

தை மாதம், அறுப்பு நேரம். காலையில் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து அதைப் பிடித்து உட்காரவைத்து, சடையை விலக்கி விலக்கி, தோல் வரைக்கும் பொடியைத் தேய்த்தார்கள். மாட்டுக்குத் தேய்க்கிற அளவு கைக்குப் பழக்கமாகிவிட்டதால் அதே அளவுதான். வெயிலில் கட்டினோம். மாடு தன் முதுகை நக்கித் தீர்க்காது. நாய்க்கு அதைவிட்டால் வேறு வேலை ஏது? நக்கி நக்கிப் பாதிப் பொடியை உள்ளே தள்ளிவிட்டது.

அம்மா உலை வைப்பதற்குள் அதற்கு எச்சில் ஒழுக ஆரம்பித்தது. பிறகு உதடு துடித்தது, காது துடித்தது, தோளும் தொடையும் தனித்தனியாக வெட்டி வெட்டி இழுத்தன. நிற்கப் பார்த்து விழுந்தது. "இழுப்பு" என்று கத்தினாள் அத்தை, "விசத்துக்குப் பால ஊத்துடி!" அம்மா கிட்டத்தட்ட ஒரு டம்ளர் பாலை அதன் வாயில் சரித்தாள். பால் உள்ளே போன பிறகு இழுப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. இந்த நாயே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்த அம்மாதான் அப்போது அழுதுகொண்டே, "தூக்கிக்கிட்டு ஓடுங்க, என் கையால செத்துடப்போவுது" என்றாள்.

அப்பா சைக்கிளை எடுத்தார். நான் பின் கேரியரில் ஏறி, சாக்கில் சுற்றிய நாயை மடியில் இறுக்கிக்கொண்டேன். குடவாசல் மாட்டாஸ்பத்திரிக்கு ஒரே ரோடுதான். அன்றைக்கு அந்த ரோடு அடைபட்டுக் கிடந்தது. பண்ணையார்கள் அறுப்புக்கு வெளியூர் ஆட்களைக் கொண்டுவருகிறார்கள் என்று தெரிந்து, எங்கள் பக்கத்து வயல் ஆட்கள் வாய்க்கால் பாலத்தில் குறுக்கே மாட்டுவண்டியை நிறுத்தி, சிவப்புக் கொடி நட்டு, ஆணும் பெண்ணுமாக உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச தூரத்தில் போலீஸ் வேன் நின்றது. பாலத்தில் இருந்தவர்களில் பாதிப் பேருடைய ஆட்டை அப்பா அடைத்திருக்கிறார்.

"பவுண்டுக்காரன் வர்றான்டா" என்று யாரோ சொன்னார்கள். இரண்டு மூன்று பேர் எழுந்து சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார்கள். "இன்னிக்கு எவன் ஆட்டப் புடிக்கப் போறீங்க?" என்று ஒருவன் கேட்டான். அப்பா என் மடியைக் காட்டினார். அப்போது கூட்டத்திலிருந்து ஒரு பெண், பண்ணை வீட்டில் சாணி அள்ளிக்கொண்டிருந்த அஞ்சலை, எட்டிப் பார்த்துவிட்டு, "அட, இது ஜூலியில்ல?" என்றாள்.

அந்த நிலையிலும் அந்த நாய் தலையைத் தூக்கியது. எங்களிடம் வந்ததிலிருந்து ஒரு தடவைகூட அசையாத வால், சாக்குக்குள்ளே என் வயிற்றில் இரண்டு தரம் தட்டியது. எனக்குச் சந்தோஷமும் பொறாமையும் ஒன்றாக வந்தன.

ஜூலி என்றால் யார் வீட்டு நாய் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். கூட்டத்தின் முகம் மாறிவிட்டது. "பண்ணை நாய்க்கு வழியாம்ல" என்று ஒரு குரல். "அவன் ஊரவிட்டுப் போனப்பறமும் அவன் நாய்க்கு நம்ம எந்திரிச்சு நிக்கணுமோ?" என்று இன்னொரு குரல். சைக்கிளைத் திருப்பிவிடுவார்கள், நாய் என் மடியிலேயே செத்துவிடும் என்று நினைத்து உரக்க அழுதேன்.

வண்டியில் சாய்ந்துகொண்டிருந்த மாரிமுத்து என்பவர் வந்தார். ஆடு அடைபட்டவர்களில் அவரும் ஒருவர். சாக்கை விலக்கி, வெட்டி வெட்டி இழுக்கும் அதன் தோளைப் பார்த்தார். சடையில் ஒட்டியிருந்த வெள்ளையை விரலால் தொட்டு முகர்ந்தார்.

"பூச்சிப்பொடியா?"

"உண்ணிக்குப் போட்டோம்" என்றார் அப்பா.

மாரிமுத்து விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு, கூட்டத்துக்கா அப்பாவுக்கா என்று தெரியாமல், பொதுவாகச் சொன்னார்: "எந் தம்பிக்கு இப்புடித்தான் இழுத்துச்சு. அவுங்க வயலுக்குத்தான் பொடி போட்டுட்டு வந்தான். பண்ணையில வண்டி கேட்டேன். மாடு அசதியா இருக்கு, நாளைக்குப் பாப்பம்னாங்க. தோள்ல தூக்கிக்கிட்டு இதே ரோட்டுலதான் ஓடுனேன்." பாலத்தைக் கையால் காட்டினார். "இதுவரைக்குந்தான் இருந்தான்."

ஹேண்டில்பாரைப் பிடித்திருந்தவன் கையை எடுத்துக்கொண்டான். "வண்டியத் தள்ளுங்கடா" என்றார் மாரிமுத்து. "நாய் என்னாடா பண்ணுச்சு? போங்க, நிக்காதீங்க, போங்க." பாலம் தாண்டி மேடு ஏறும்வரை கேரியருக்குப் பின்னால் கையை வைத்துத் தள்ளிக்கொண்டே வந்தார். அவருடைய மூச்சு என் பிடரியில் பட்டது இன்றைக்கும் எனக்குத் தெரிகிறது.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் இளவயதுக்காரர். நாயை வாங்கியதும் ஊசி போட்டார். இழுப்பு கொஞ்சம் அடங்கியதும் தொட்டியடியில் வைத்துச் சோப்புப் போட்டுத் தானே தேய்த்துக் கழுவினார். பால் ஊற்றினோம் என்றதும் தலையில் அடித்துக்கொண்டார். "இந்தப் பொடி கொழுப்புல கரையுமுங்க. பால ஊத்துனா வெசம் வேகமா ஒடம்புல ஏறும். அப்பறம், மாடு என்ன எடை, இது என்ன எடை? ரெண்டுக்கும் ஒரே அளவா?" தான் எத்தனை மாட்டுக்கு அதைத் தேய்த்திருக்கிறோம், எந்தக் கையால் தேய்த்தோம் என்று அப்பா தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் அவரையும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னார்.

ஜூலி பிழைத்துக்கொண்டது. அன்று சாயங்காலம் எழுந்து, குடித்துவிட்ட மாதிரித் தள்ளாடித் தள்ளாடி நடந்துபோய்த் தண்ணீர் குடித்தது. பிறகு ஒவ்வொரு வாரமும் சைக்கிளில் போய், புழுவுக்கு மாத்திரை, சொறிக்குக் களிம்பு, ஆடிய பல்லைப் பிடுங்கியது என்று ஒவ்வொன்றாக நடந்தது. நொண்டல் நடிப்பில்லை, குட்டை நாய்களுக்கு முழங்கால் சில்லு இடம் விலகும் என்றார் டாக்டர். அதைக் கேட்டதும், முன்பு நாங்கள் சிரித்ததற்கெல்லாம் சேர்த்து அதற்கு ஒரு வாய் கூடுதல் சோறு போட்டாள் அம்மா. உண்ணியை நான் தினமும் விரலால் பிடுங்கி மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போட்டேன். வேலை சலிப்புத்தான், ஆனால் அதனால் நாய் சாகாது.

அந்த அறுப்பு முடிவதற்குள் மாரிமுத்துவின் ஆடுகளைப் பண்ணை ஆட்கள் மறுபடி ஓட்டிக்கொண்டு வந்தார்கள். அன்றைக்கும் நான் சாப்பாட்டுத் தூக்கோடு நின்றிருந்தேன். அப்பா கேட்டைத் திறக்காமல், "எந்த வயல்ல மேஞ்சுது? வாங்க, காட்டுங்க, நானும் வர்றேன்" என்றார். அவர்கள் முறைத்தார்கள், மிரட்டினார்கள், கடைசியில் ஆட்டை விட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த ஏலத்துக்கு அப்பா போகவில்லை. பஸ் ஸ்டாப் பக்கத்தில் சைக்கிள் பழுது பார்க்கும் கடை போட்டார். அதனால் ஊர் எங்களைத் தலையில் தூக்கிவைத்துக்கொள்ளவில்லை. வெகுநாள் வரைக்கும் அவர் பவுண்டுக்காரர்தான், நான் பவுண்டு பொண்ணுதான். ஆனால் பஞ்சர் ஒட்ட எல்லோரும் வந்தார்கள்.

இப்போது அந்த ஊரில் பவுண்டு இல்லை, மதிலை இடித்துத் தண்ணீர் டாங்க் கட்டிவிட்டார்கள். பண்ணை வீடு கல்யாண மண்டபமாகிவிட்டது. அந்தப் பொடியை அரசாங்கம் தடை செய்து எத்தனையோ வருஷம் ஆகிறது. அதன் பெயர் சொன்னால் இப்போது உரக்கடைப் பையன்களுக்கே தெரியவில்லை. வாய்க்கால் பாலம் அகலமாகி, மேடு இருந்த இடம் தெரியாமல் பஸ் வழுக்கிக்கொண்டு போகிறது.

எதிர் வீட்டுப் பெண் கதை முழுவதையும் கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். ஜூலி அப்புறம் எத்தனை வருஷம் இருந்தது, என்ன சாப்பிட்டது, குட்டி போட்டதா, போட்டோ இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவளைக் குற்றம் சொல்லவில்லை. இந்தக் கதையை நான் இதுவரை சொன்ன எல்லோரும் நாயைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள்; பாலத்தில் நின்றபோது நானும் நாயை நினைத்துத்தான் அழுதேன். மற்றதைக் கேட்டவர் அப்பா ஒருவர்தான். ஜூலி தேறியபின் ஒரு நாள் மாரிமுத்துவின் வீட்டுக்கு நடந்தே போய், வெகுநேரம் கழித்துத் திரும்பிவந்து, அம்மாவிடம் சொன்னார். அந்தத் தம்பியின் பெயர் கோவிந்தன். கல்யாணத்துக்குப் பெண் பார்த்து வைத்திருந்தார்களாம்.